இருவது மூஞ்சி

வஜ்ஜிரப் பசை உருகும்போது ஒரு நாற்றம் வரும். மாட்டுத் தோலும் குளம்பும் சேர்ந்து கொதிக்கிற நாற்றம். தச்சர்கள் பழகிவிடுவார்கள், மற்றவர்களுக்குக் குடலைப் பிடுங்கும். முதலியார்பேட்டையில் அந்தச் சந்துக்குள் நுழைகிறவர்கள் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாத்தியாரு வூட்ல இன்னிக்குக் கணக்குப் பாடம் வேவுது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சொன்னதில் பொய் இல்லை. அமலநாதன் வாத்தியார் பாடத்தை அடுப்பில் வைத்துத்தான் செய்தார். செய்தது அவர் மனைவி ஞானமேரி. வஜ்ஜிரத்தை ஒரு இரவு ஊறப்போட்டு, மறுநாள் மருந்துக் கடையில் வாங்கிய கிளிசரினோடு சேர்த்துக் காய்ச்சி, தகரத் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் பனங்கிழங்குக் கூழ் போல இறுகி வரும். ஊதா மையில் எழுதிய தாளை அதன் மேல் குப்புறப் போட்டு, தடவி, கொஞ்ச நேரம் கழித்து உரித்தால் எழுத்து முழுக்கக் கூழுக்குள் இறங்கியிருக்கும். பிறகு வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டியதுதான். நாற்பது தாள் வரைக்கும் வரும். அச்சாபீசுக்குக் கொடுக்கப் பணமில்லாத பள்ளிக்கூடத்துக்கு அதுதான் அச்சாபீஸ்.

அந்தத் தட்டில் அமலநாதன் அச்சடித்தது எழுத்து அல்ல, படம். பிரான்சிலிருந்து கப்பலில் வந்த ஏதோ ஒரு புத்தகத்தைப் பார்த்து, அளவுகோலும் கவராயமும் வைத்து ராப்பகலாக வரைவார். முக்கோணங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். ஓரத்தில் பசை தடவ நாக்கு நாக்காக நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அதைக் கத்தரித்து, கோட்டுக்குக் கோடு மடித்து, ஒட்டினால் கையில் ஒரு பொருள் உருண்டு நிற்கும். நாலு பக்கம் உள்ளது, ஆறு பக்கம் உள்ளது, எட்டு, பன்னிரண்டு. அவர் ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சில் ஒரு பெயர் சொல்லுவார். பிள்ளைகள் வாயில் அது நுழையாது; வாத்தியாரை 'முசே' என்று கூப்பிடுகிற அளவுதான் அவர்கள் பிரெஞ்சு. "நாலு மூஞ்சி, எட்டு மூஞ்சி" என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

"மூஞ்சிய எண்ணு, ஓரத்த எண்ணு, மூலைய எண்ணு" என்பார் அவர். "மூஞ்சியயும் மூலையயும் கூட்டு. ஓரத்தக் கழி. எது செஞ்சாலும் இன்னா வருது?"

"ரெண்டு வருது முசே!"

"எது செஞ்சாலும்?"

"எது செஞ்சாலும் ரெண்டுதான் முசே!"

கூத்தில் ராஜா வந்ததைப் பார்த்தது போல அந்தப் பிள்ளைகள் கத்தும். அதைக் கேட்கத்தான் அவர் அத்தனை பாடும் பட்டார். அவர்களில் பாதிப் பேரைப் பத்து வயதில் மில் சங்கு கூப்பிட்டுக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். கூப்பிடுவதற்குள் கணக்கு என்பது அடி வாங்குகிற சமாச்சாரம் மட்டும் இல்லை என்று காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி.

அது முப்பத்தாறாம் வருஷத்து ஆடி மாதம். மேல்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மில்லுக்குள் ஏதோ புகைகிறது என்று ஊருக்குத் தெரியும். உப்பளத்தில் புதிதாகச் சிப்பாய்கள் வந்து இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள். இருபது என்றார் ஒருவர், இருநூறு என்றார் இன்னொருவர். மீன் விற்க வந்தவள் கூடையை இறக்காமலே, "குதிரைங்க கூட வந்துருக்குதாம்மா" என்றாள். ஊதா மையில் எழுதிய துண்டுத் தாள்கள் போன மாதத்திலிருந்து ராட்டினங்களுக்கு நடுவே கிடைக்க ஆரம்பித்திருந்தன. அதனால் காலையில் மில் கேட்டில் ஒவ்வொருவனும் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேஸ்திரி ராஜாங்கம் விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். யார் விரலிலும் ஊதா இல்லை.

இருக்காது. ஊதா ஞானமேரியின் விரலில் இருந்தது. அவள் அதை எலுமிச்சம்பழமும் மணலும் போட்டுத் தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் தம்பி மிக்கேல் கொல்லை வழியாக வந்தான். நூல் பிரிவில் வேலை. வலது கையில் இரண்டு விரலைப் பஞ்சு மெஷின் வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது.

"இன்னாக்கா, நெத்திலி வாசன தெரு முனைக்கே இழுக்குது."

"வஜ்ஜிர நாத்தத்துல உனக்கு நெத்திலி வாசன வருதா? துன்னணும்னு வந்துட்டு இன்னா நடிப்பு."

"துன்னவும் வந்தேன்." இடுப்பிலிருந்து மெல்லிய தாள் கட்டை எடுத்து வைத்தான். "இதான் கடைசி. சத்தியமா."

"போன வாட்டியும் மாதா மேல சத்தியம் பண்ண."

"மாதாவுக்குத் தெரியும்க்கா. திங்கக்கெழம நிறுத்தறோம். அதுக்கப்பறம் தாள் எதுக்கு?"

ஞானமேரி சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்தாள். அவள் கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தெருவுக்கே கடிதம் எழுதிக்கொடுத்தவள். இங்கே வந்த பிறகு அவள் எழுத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். பிறந்த வீட்டுக்குப் போனபோது அவள் எழுதிய கடிதங்களைப் படித்த அவள் புருஷன் ஒருவர். இந்தத் தம்பி ஒருவன்.

"சொல்லு" என்றாள்.

அவன் மென்றுகொண்டே சொன்னான். "எட்டு மணி நேரந்தான் வேல. அதுக்கு மேல செய்ய மாட்டோம். திங்கக்கெழம சங்கு ஊதனதும் நூல் சுத்தற கதிர நிறுத்தணும். யாரும் ஓடக் கூடாது, யாரும் கை ஓங்கக் கூடாது. அப்படியே நிக்கணும்."

அவள் எழுதினாள். 'எட்டு மணி நேரம் வேலை. அதற்கு மேல் நம் மூச்சு நமக்கு.' எழுதிவிட்டுப் படித்துக் காட்டியபோது அவன் சோற்றை விழுங்காமல் பார்த்தான்.

"மூச்சுன்னு நான் சொல்லவே இல்லியே."

"நீ சொல்லல. வேணாம்னா அடிச்சுடறேன்."

"இருக்கட்டும்க்கா. இருக்கட்டும்." கையைக் கழுவிக்கொண்டான். "மாமாக்குத் தெரியாதே?"

"அவருக்குத் தெரிஞ்சா நாளைக்கு அவரு மூஞ்சியப் பாத்தே ஊரு படிச்சுடும். பொய் சொல்ல வராது அந்த மனுஷனுக்கு."

நாற்பது தாளை அவன் எடுத்துக்கொண்டு போனான். மூலத்தாளை அவள் அடுப்பில் போட்டாள். தட்டை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாள். துடைத்தால் மட்டும் போதாது. அப்படியே ஒரு நாள் கிடந்தால்தான் மிச்ச மை கூழின் அடிக்கு இறங்கும். அல்லது மறுபடி உருக்க வேண்டும். சனிக்கிழமை மாலைக்குள் உருக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அன்று சாயந்தரமே அமலநாதன் வரைந்த தாளோடு ஓடி வந்தார். கோடையில் வெள்ளரிக்காயைக் கண்டது போல ஒரு முகம்.

"மேரி, முடிஞ்சுது! இருவது! இருவது முக்கோணம், ஒண்ணு கூடப் பிசகல. தட்டு ரெடியா?"

"இன்னிக்கு வேணாங்க. இன்னும் சரியா இறுகல. நாளைக்கு நல்லா உருக்கி ஊத்தறேன்."

அவர் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். "கல்லாட்டம் இருக்குது. இதுக்கு மேல இன்னா இறுகணும்?"

அவள் பக்கத்தில் நின்று தாளை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதல் தாளை வாங்கி வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முக்கோணங்கள் கன்றிப்போன ஊதாவில் அழுத்தமாக விழுந்திருந்தன. வேறு எதுவும் அவள் கண்ணுக்குப் படவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க இருவது மூஞ்சியாக உருண்டது. அமலநாதன் வீட்டுக்கு வந்து, ஒரு பையன் மூலைகளை எண்ணும்போது மூக்கு நுனியில் பசை ஒட்டிக்கொண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருடைய பத்து விரலும் ஊதா. அதே சாயந்தரம் மில் கேட்டில் ஒருவன் மடியிலிருந்து ஒரு தாளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவன் மிக்கேல் இல்லை. மிக்கேல் அரியாங்குப்பம் பக்கம் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து ஞானமேரி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக் கமலவேணியின் மகன் வடிவேல் வாசலில் வந்து நின்றான்.

"அத்த, என் இருவது மூஞ்சிய நீ பாக்கலியே. முசே என்னுதுதான் நல்லா இருக்குதுன்னாரு."

"கொண்டா பாக்கலாம்" என்று வாங்கினாள். காலை வெயில் நேராக விழுந்தது. கோலிக்குண்டை உருட்டுவது போல உருட்டிப் பார்த்தவள் கை ஒரு பக்கத்தில் நின்றது. அழுத்தமான கோடுகளுக்கு உள்ளே, முக்கோணத்தின் வெள்ளையில், புகை மாதிரி, நரம்பு மாதிரி, வட்ட வட்டமாக எழுத்து. 'மூச்சு நமக்'. அடுத்த பக்கத்தில் 'கிழமை காலை'. அவள் கையெழுத்து.

அவள் அதை வெயிலிலிருந்து நிழலுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இன்னா அத்த, கிழிஞ்சிருக்குதா?"

"இல்லடா கண்ணு. இத நான் வச்சுக்கறேன். பசையில மயில்துத்தம் ஜாஸ்தியா வுழுந்துடுச்சு. விஷம். வேற செஞ்சு தரேன்." பையன் உதட்டைப் பிதுக்குவதற்குள் அவள் உள்ளே போய் அதை அடுப்பில் வைத்துவிட்டாள். ஊதா நிறத்தில் ஒரு தீ எழுந்து அடங்கியது.

அமலநாதன் முகம் வழித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, நேத்து மேலாப்புல இருந்த தாளெல்லாம் யாருக்குக் குடுத்தீங்க?"

"மேலாப்புலன்னா? முன் பெஞ்சுக்கு. ஆறு பேரு. எதுக்கு?"

"பசையில துத்தம் அதிகமாயிட்டாப்புல இருக்குது. பிள்ளைங்க வாயில வச்சா ஆபத்து. போயி வாங்கியாந்துடறேன்."

"நானும் வரேன்."

"வேணாம். பாதி மூஞ்சி சோப்போட எங்க வரீங்க?"

பழைய மசி முதலில் எடுத்த, மேலாப்பில் இருந்த ஐந்தாறு தாளோடு தீர்ந்துவிடும். பிறகு வருவது சுத்தமாக இருக்கும். அது அவளுக்குத் தெரியும். ஆறில் ஒன்று எரிந்துவிட்டது. பாக்கி ஐந்து. முந்தானையைச் சொருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

முதல் வீட்டில் உருண்டையைக் கோழி கொத்திவிட்டது என்று துண்டுகளாகக் கொடுத்தார்கள். ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டாள். இரண்டாவது வீட்டில் அந்த அம்மாள் விஷம் என்று கேட்டதும் பிள்ளையின் வாயைத் திறந்து விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள். "நல்ல வாத்தியாரு, நல்ல பொண்டாட்டி! கணக்கு சொல்லிக்குடுன்னா பாடை கட்டறீங்களே!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினாள். ஞானமேரி தலையைக் குனிந்துகொண்டு திட்டையும் காகிதத்தையும் வாங்கிக்கொண்டாள். மூன்றாவது, நான்காவது வீடுகளில் தகராறு இல்லை. நாலும் முந்தானைக்குள் சேர்ந்தது.

கடைசி வீடு மேஸ்திரி ராஜாங்கத்தினுடையது. மில் கட்டிக்கொடுத்த காரை வீடு. ராஜாங்கத்தின் பெண்சாதி செல்வாம்பாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா மேரி. இன்னா இந்த வெயில்ல?"

அவள் துத்தத்தின் கதையைச் சொன்னாள். ஐந்தாவது வீட்டில் சொல்லும்போது கதை நன்றாகவே வந்தது.

"தனக்கொடி! உன் வாத்தியாரம்மா வந்துருக்குது பாரு. அந்த உருண்டையக் கொண்டாந்து குடு."

எட்டு வயதுப் பெண் உள்ளேயிருந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். கொடுக்க மனசில்லை. "நான் நக்கவே இல்ல" என்றாள்.

"தெரியும் கண்ணு. நீ சமத்து. வேற ஒண்ணு தரேன், இதவிடப் பெருசா."

பெண் நீட்டினாள். ஞானமேரிக்கு மூச்சு வந்தது. ஐந்தும் ஆயிற்று என்று நினைத்து வாங்கினாள். உருண்டைக்குள் காற்று போனது. ஒரு பக்கம் இல்லை. கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் ஒரே ஒரு முக்கோணத்தை வெட்டி எடுத்திருந்தார்கள்.

"அப்பாதான் வெட்னாரு" என்றாள் தனக்கொடி, அழுகை முட்ட. "அதுல எழுதியிருந்துச்சு. அப்பாக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்னேன். 'சங்கு ஊதியதும் கதி'. அதோட நின்னுடுச்சு. மீதி எங்கன்னு கேட்டேன். வெட்டிக்கினு போயிட்டாரு."

செல்வாம்பாள் முறத்தை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். ஞானமேரியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "அவரு போயி நாழியாவுது மேரி. வூட்டுக்குப் போ" என்றாள்.

வழியில் குறுக்கே வந்த மாட்டு வண்டி, எதிரே தெரிந்தவர்கள், கூப்பிட்டவர்கள் எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

வாசலில் ராஜாங்கம் நின்றார். உள்ளே பெஞ்சில் போலீஸ் பிரிகதியே ஆதிமூலம் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு சிப்பாய்கள் சுவரோரம். நடுவில் தகரத் தட்டு. ஒரு பக்கக் கன்னத்தில் சோப்பு காய்ந்து வெள்ளையாக இருக்க, அமலநாதன் பன்னிரண்டு மூஞ்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பிரிகதியேவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"எதச் செஞ்சாலும் ரெண்டுதான் வரும் பாருங்க. நீங்களே எண்ணிப் பாருங்க."

"எண்ணறேன், எண்ணறேன்" என்றார் பிரிகதியே. நல்ல மனுஷர் மாதிரித்தான் பேசினார். "தட்டு உம்முதுதானே?"

"என்னுதுதான்."

"தாளு?"

"பள்ளிக்கூடத்துது. கோடு நான் போட்டது."

"அப்ப இது?" அவர் உள்ளங்கையை விரித்தார். அதில் அந்த முக்கோணம் இருந்தது. பக்கத்தில், நேற்று கேட்டில் பிடுங்கிய முழுத் தாள். "அதே தட்டு, அதே மை, அதே எழுத்து. எழுத்து யாருது முசே?"

அமலநாதன் குனிந்து பார்த்தார். அவர் பார்ப்பதை ஞானமேரி வாசற்படியில் நின்று பார்த்தாள். அவர் முதலில் கோட்டைப் பார்த்தார். வெட்டு நேராக இருக்கிறதா என்று. பிறகுதான் எழுத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் காது மடல் சிவந்து, பிறகு வெளுத்தது. தலையை நிமிர்த்தவே இல்லை, வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுவும் என்னுதுதான்" என்றார்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் சொல்லி அவள் கேட்ட முதல் பொய் அது.

"இல்லிங்க" என்றாள் ஞானமேரி. குரல் கீச்சென்று வந்தது. "அது நான் எழுதினது. அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

பிரிகதியே திரும்பிப் பார்த்தார். ராஜாங்கம் சிரித்தார்.

"புருஷனக் காப்பாத்த எந்தப் பொண்டாட்டியும் சொல்ற கததான் இது. பொம்பளைக்கு மில்லு விஷயம் இன்னா தெரியும்? 'மூச்சு நமக்கு'ன்னு எழுத வாத்தியாருக்குத்தான் வரும்."

"விரலப் பாருங்க" என்றார் ஒரு சிப்பாய். அமலநாதனின் பத்து விரலும் ஊதா. அவளுடையது எலுமிச்சை தேய்த்து வெளுத்திருந்தது.

"தாளு குடுங்க, எழுதிக் காட்டறேன்!"

"போலீசுக் கச்சேரிக்கு வந்து வக்கீல்கிட்டச் சொல்லும்மா" என்று பிரிகதியே தொப்பியை வைத்துக்கொண்டார். "நடங்க முசே. கன்னத்தத் தொடைச்சுக்கங்க."

போகும்போது அமலநாதன் அவள் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். "வூட்டப் பூட்டிக்க" என்றார். "வாய மூடிக்க மேரி. தயவு செஞ்சு."

அவள் பூட்டவில்லை. பின்னாலேயே நடந்தாள். சந்து தாண்டி, சத்திரம் தாண்டி. "நான்தான் எழுதுனேன், நான்தான் எழுதுனேன்" என்று அவள் சொல்லச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று பரிதாபமாகப் பார்த்தது. "பாவம், புத்தி கலங்கிடுச்சு" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. கச்சேரிக்குள் போய்விட்டால் கதவு மூடிவிடும். அதற்கு அப்புறம் அவர் பேச்சுத்தான் பேச்சு. அவள் பேச்சு அழுகை.

மில்லின் மதில் வந்தது. ஒரு பர்லாங்கு நீளம், ஆடிக்கு முன்னால் அடித்த சுண்ணாம்பு, கண் கூசியது. மதில் ஓரத்தில் சுக்குக் காப்பி விற்கிற சின்னப்பொண்ணு அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். அடுப்பு வாயருகே அணைந்த கரிகள் கிடந்தன. ஞானமேரி குனிந்து ஒன்றை எடுத்தாள்.

"பிரிகதியே!" என்று கூப்பிட்டாள். "பாருங்க!"

அவள் எட்டுகிற உயரத்தில், முழம் அகல எழுத்தில் எழுதினாள். கரி சுண்ணாம்பில் கரகரவென்று ஓடியது. 'எட்டு மணி நேரம் வேலை.'

பிரிகதியே நின்றார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். சுவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். வட்ட வட்டமான அந்த எழுத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அமலநாதனின் தோளில் இருந்த அவர் கை தானாக இறங்கியது.

"போதும்மா" என்றார். "தெரிஞ்சுபோச்சு. கரியக் கீழ போடு."

அவள் போடவில்லை. 'அதற்கு மேல் நம் மூச்சு நமக்கு.' கூட்டத்தில் யாரோ வாய்விட்டுப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பின்னாலிருந்து, "இன்னா எழுதிக்கீது? சத்தமாப் படிய்யா" என்றார்கள். படிக்கிற குரல் இரண்டாகி, நாலாகியது. 'திங்கட்கிழமை காலை சங்கு ஊதியதும்'. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் குவளையை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். 'கதிர்களை நிறுத்துங்கள்.'

"அழி! அதை அழி!" என்று ராஜாங்கம் கத்தினார். ஒரு சிப்பாய் ஓடி வந்து உள்ளங்கையால் தேய்த்தான். கரி பரவியது, எழுத்து போகவில்லை. இன்னொருவன் தோளிலிருந்த துப்பாக்கியைக் கழற்றினான். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. ஆனால் கலையவில்லை.

"மேரி" என்றார் அமலநாதன். அவரை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் இடத்தை விட்டு அசையாமல் நின்றார். சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டாம் முறை, இன்னும் மெதுவாக, "மேரி" என்றார்.

'யாரும் ஓட வேண்டாம். யாரும் கை ஓங்க வேண்டாம்.' அந்த இடத்தில் கரி தீர்ந்து அவள் நகம் சுவரில் உரசியது. பூட்ஸ் சத்தம் பின்னால் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பாமல் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாள்.

"இன்னொரு துண்டு குடும்மா."

சின்னப்பொண்ணு துப்பாக்கியைப் பார்த்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு குறட்டால் அணைந்த கரி ஒன்றை எடுத்து, சூடு ஆற வாயால் ஊதி, அந்தக் கையில் வைத்தாள்.

'அப்படியே நில்லுங்கள்' என்று எழுத இன்னும் ஒரு வரி இருந்தது.